துடுப்புப் படகு, கூடாரம், ஃபிளை தூண்டில்: பினாங்கிலிருந்து தெமெங்கோருக்குக் குழுவாகப் போகிறவர்களுக்கு

பட்டர்வொர்த், பிறை வட்டாரக் கட்டணக் குளங்களில் வார இறுதியில் தூண்டில் போடும் நம்மவர்கள் ஏராளம். அவர்களில் பலருக்கு ஓர் ஆசை உண்டு. நண்பர்களோடு காட்டுக்குள் போக வேண்டும், துடுப்புப் படகில் அலைய வேண்டும், கரையில் கூடாரம் அடித்துத் தங்க வேண்டும், காட்டு நீரில் வளர்ந்த தோமான், செபாராவ் போன்ற நன்னீர் மீன்களை ஃபிளை தூண்டிலில் (பூச்சியையோ சிறு மீனையோ போலக் கட்டிய கொக்கியை எறியும் தூண்டில்) பிடித்துப் பார்க்க வேண்டும். பினாங்கிலிருந்து அதற்கு ஏற்ற இடம் வட பேராக்கில் உள்ள தெமெங்கோர் ஏரி. நானும் நண்பர்களும் போய்வர எண்ணியபோது எங்களை அலைக்கழித்தவை மழையும் காடும் அல்ல. பெயர்ப் பட்டியலும் அனுமதியும் முன்பணமும்தான். அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்பதற்காகவே இதை எழுதுகிறேன். கீழே உள்ள வரிசையை மாற்றாதீர்கள். பெரும்பாலான குழுக்கள் படகையும் தூண்டிலையும் முதலில் வாங்கிவிட்டு, ஆவணங்களைக் கடைசி வாரத்துக்குத் தள்ளிவிடுகின்றன.

1. ஏரியின் எந்தப் பக்கம் என்று முடிவு செய்யுங்கள்

பேராக்கில் உள்ள கிரிக்கையும் கிளந்தானில் உள்ள ஜெலியையும் இணைக்கும் கிழக்கு–மேற்கு நெடுஞ்சாலை இந்த ஏரியைப் பாலங்களின் வழியாகக் கடக்கிறது. நடுவில் இருப்பது பூலாவ் பண்டிங் என்ற தீவு. சாலைக்கு வடக்கே இருப்பது ரோயல் பெலும் மாநிலப் பூங்கா. 2007ஆம் ஆண்டு அரசிதழில் பதிவு செய்யப்பட்டது, பரப்பளவு 117,500 ஹெக்டேர், வடக்கு முனை தாய்லாந்து எல்லையைத் தொடுகிறது. சாலைக்குத் தெற்கே தெமெங்கோர் காட்டு ஒதுக்கீட்டுப் பகுதி.

தண்ணீர் ஒன்றுதான். ஆனால் அனுமதி தரும் அலுவலகங்கள் வேறு வேறு. வடக்கே போக பேராக் மாநிலப் பூங்காக் கழகத்திடம் அனுமதி பெற வேண்டும். எல்லைப் பகுதி என்பதால் அங்கே கெடுபிடி அதிகம். தெற்கே கரையேறிக் காட்டுக்குள் முகாமிட வேண்டுமானால் வனத்துறையிடம் கேட்க வேண்டும். “ஏரிக்குத்தானே போகிறோம்” என்று ஒரு பக்க அனுமதியோடு மறுபக்கம் போய்விடாதீர்கள்.

முதல் பயணத்துக்குத் தெற்குப் பக்கமே போதும் என்பது என் கருத்து. மீன் பிடிக்கும் குழுக்கள் அதிகம் போகும் பக்கம் அது. அனுபவமுள்ள படகோட்டிகளும் படகு வீடுகளும் எளிதாகக் கிடைக்கும். வடக்கின் அழகு தனி, ஆனால் அதை இரண்டாவது பயணத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

2. நாளைக் குறியுங்கள்

நம் சமூகத்தில் இது சிக்கலான கணக்கு. புரட்டாசியில் பாதிப் பேர் சைவம். மீன் பிடிக்க வரமாட்டார்கள், வந்தாலும் மனம் ஒப்பாது. தீபாவளியை ஒட்டிய அக்டோபர், நவம்பரில் மழை. ஆண்டு இறுதியில் பள்ளி விடுமுறைக் கூட்டமும் வடகிழக்குப் பருவமழையும் சேர்ந்துகொள்ளும். அடுத்து தைப்பூச விரதம். காவடி எடுப்பவர்கள் 48 நாள் விரதத்தில் இருப்பார்கள். ஆக, தைப்பூசம் முடிந்து சித்திரைப் புத்தாண்டு வரையிலான இடைவெளிதான் மிச்சம். நல்ல வேளையாக, ஓரளவு வறண்ட பருவமும் அதுவே.

அதிலும் ஒன்றைப் பார்க்க வேண்டும். 2026, 2027 ஆகிய ஆண்டுகளில் நோன்பு மாதம் பிப்ரவரி, மார்ச்சில் வருகிறது. படகோட்டிகளும் வழிகாட்டிகளும் பெரும்பாலும் முஸ்லிம்கள். நோன்பு வைத்துக்கொண்டு நாள் முழுதும் வெயிலில் படகு ஓட்டச் சொல்வது முறையல்ல. பெருநாள் வாரத்தில் ஆள் கிடைப்பதும் அரிது. பெருநாள் முடிந்த பிறகு வரும் வாரங்களைக் குறிவையுங்கள். நான்கு நாள், மூன்று இரவு என்பது புதியவர்களுக்குச் சரியான அளவு. இரண்டு நாளில் போய்வர நினைத்தால் ஏற்றி இறக்குவதிலேயே பொழுது போய்விடும்.

வறண்ட பருவத்தில் ஏரியின் நீர்மட்டம் இறங்கும். அணை கட்டியபோது மூழ்கிய காட்டின் மொட்டை மரங்கள் அப்போது தலை நீட்டும், பல நீருக்கு ஒரு சாண் கீழே மறைந்து நிற்கும். மீன்கள் ஒதுங்குவதும் அங்கேதான், படகு கிழிவதும் அங்கேதான்.

3. குழுவை எட்டுப் பேரோடு நிறுத்துங்கள்

எட்டுப் பேர், இருவர் படகு நான்கு. ஒரு படகில் பிரச்சினை என்றால் மற்ற மூன்றும் சேர்ந்து சமாளிக்கலாம். முகாமுக்குக் கொண்டுபோகும் ஒரே இயந்திரப் படகில் எல்லாரும் ஏற முடியும், செலவும் பங்கிடும்போது தாங்கும் அளவில் நிற்கும். எண்ணிக்கை பன்னிரண்டைத் தாண்டினால் இரண்டாவது இயந்திரப் படகு தேவைப்படலாம், செலவு ஒரே தாவில் ஏறிவிடும்.

நீந்தத் தெரியாதவர் வரலாமா என்று கேட்பார்கள். மிதவை அங்கியைக் கழற்றாமல் இருக்க ஒப்புக்கொண்டால் வரலாம். நன்றாக நீந்துவேன் என்று சொல்லி அங்கி அணிய மறுப்பவரை, அவர் மாமாவாக இருந்தாலும் மச்சானாக இருந்தாலும், அழைத்துப் போகாதீர்கள். பள்ளத்தாக்கை மூழ்கடித்து உருவான ஏரி இது. கரையிலிருந்து நாலு அடி வைத்தால் கால் எட்டாத ஆழம்.

மதுவைப் பற்றிய பேச்சையும் இங்கேயே முடித்துவிடுங்கள். பகலில் தண்ணீரில் இருக்கும் வரை ஒரு சொட்டும் கூடாது. இந்த ஒரு விதியைக் கேட்டு ஒருவர் விலகினால் விலகட்டும்.

4. ஆவணங்கள்

இதை நிதானமாகப் படியுங்கள். பயணம் நின்றுபோவது பெரும்பாலும் இந்தப் படியில்தான்.

அனுமதிக்கு ஒரு பெயர்ப் பட்டியல் கொடுக்க வேண்டும். ஒவ்வொருவருக்கும் முழுப் பெயர், மைகாட் (அடையாள அட்டை) எண், முகவரி, தொலைபேசி எண், அவசரத்துக்கு அழைக்க வேண்டியவரின் பெயரும் எண்ணும் எழுதி, மைகாட்டின் இரு பக்கங்களின் நகலும் இணைத்து வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே போகும் தேதி, வெளியே வரும் தேதி, முகாமிடும் இடம், படகோட்டியின் பெயர் ஆகியவற்றையும் கேட்பார்கள். எட்டுப் பேருடைய விவரங்களையும் ஒரே நபர் ஒரே கோப்பில் சேர்க்கட்டும். ஆளுக்கொரு பக்கமிருந்து வாட்ஸ்அப்பில் மங்கலான படங்கள் வந்து விழுந்தால் குழப்பம்தான்.

பெயர் மைகாட்டில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து இருக்க வேண்டும், தந்தை பெயருடன். நம் பெயர்களில் ஓர் எழுத்து கூடுவதும் குறைவதும் வழக்கம். குழுவில் எல்லாரும் ‘குமார்’ என்று கூப்பிடுபவருடைய அட்டையில் குமார் என்ற பெயரே இல்லாமல் இருக்கும். பட்டியலைத் தட்டெழுதிய பின், ஒவ்வொருவரும் தன் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு தன் வரியைச் சரிபார்த்து ஒப்புதல் தரட்டும்.

ஆள் மாற்றம்தான் மிகப் பெரிய பொறி. எங்கள் குழுவில் ஒருவர் கடைசி வாரத்தில் விலக, அவர் இடத்துக்கு வேறொரு நண்பர் வந்தார். அனுமதியில் பழைய பெயரே இருந்தது. படகுத்துறையில் புதியவரை விடவில்லை; விடாததும் நியாயம்தான். காட்டில் ஒருவர் காணாமல் போனால் தேடுபவர்கள் கையில் இருப்பது அந்தப் பட்டியல் மட்டுமே. அவர் கிரிக்கில் ஒரு விடுதியில் இரவு தங்கி, மறுநாள் பஸ்ஸில் வீடு திரும்பினார். ஆகவே விண்ணப்பிக்கும்போதே வரக்கூடிய இருவரின் பெயர்களைக் கூடுதலாகச் சேர்க்க முடியுமா என்று கேளுங்கள். வராதவர் பெயர் பட்டியலில் இருந்தால் படகுத்துறையில் சொல்லி நீக்கிவிடலாம். இல்லாத பெயரை அங்கே நின்றுகொண்டு சேர்க்க முடியாது.

சென்னையிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ உறவினர் வருகிறார் என்றால் கடப்பிதழ் நகல் வேண்டும். நேரமும் கூடுதலாகப் பிடிக்கும், கட்டணமும் வேறாக இருக்கலாம். 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர் வந்தால் பெற்றோர் கையெழுத்திட்ட ஒப்புதல் கடிதத்தைத் தயாராக வைத்திருங்கள்.

விண்ணப்பத்தைப் படகு நடத்துநரே செய்து தருவதாகச் சொல்வார். செய்யட்டும், ஆனால் அனுமதிக் கடிதத்தின் நகல் உங்கள் கைக்கு வரும் வரை ‘கிடைத்துவிட்டது’ என்ற வாய்ச்சொல்லை ஏற்காதீர்கள். பயணத்துக்கு ஐந்து, ஆறு வாரங்களுக்கு முன்பே வேலையைத் தொடங்குங்கள். அப்போதுதான் ஒரு தாள் திரும்பி வந்தாலும் சரி செய்ய நாள் இருக்கும்.

மீன்பிடிப்பு விதிகளை அதே கடிதத்தில் கேட்டுவிடுங்கள்: எந்த ஆற்று முகத்தில் தூண்டில் போடலாம், எங்கே கூடாது, எந்த மீனைத் திரும்ப விட வேண்டும். பதிலை எழுத்தில் வாங்குங்கள். வெடி, நஞ்சு, மின்சாரம் ஆகியவற்றைக் கொண்டு மீன் பிடிப்பதை 1985ஆம் ஆண்டு மீன்வளச் சட்டம் தடை செய்கிறது. அப்படிப் பிடிப்பவர்களை வழியில் கண்டால் விலகிப் போய், வெளியே வந்ததும் வனக்காவலரிடம் சொல்லுங்கள். ட்ரோன் கொண்டுபோக நினைப்பவர்கள் தனி அனுமதி இல்லாமல் அதைப் பையிலிருந்து எடுக்கவே வேண்டாம், எல்லைப் பகுதி.

கடைசியாக, காப்புறுதி. தனிநபர் விபத்துக் காப்புறுதி பலரிடம் இருக்கும், ஆனால் படகோட்டுதல், காட்டு முகாம் போன்றவற்றை அது விலக்கியிருக்கலாம். விலக்குப் பட்டியலைப் படித்துப் பாருங்கள். நான்கு நாளுக்கான குழுக் காப்புறுதிக்கு அதிகம் செலவாகாது.

5. பணம்

செலவில் பெரும் பங்கு இயந்திரப் படகுக்கும் வழிகாட்டிக்கும்தான். எங்கள் கணக்கில் பாதிக்கும் மேல். படகு வாடகை ஆள் கணக்கில் அல்ல, படகுக் கணக்கில் பேசப்படும். ஆகவே எட்டுப் பேரில் இருவர் கழன்றுகொண்டால் மிச்சமுள்ளவர்களின் பங்கு ஏறும். இதைத் தவிர்க்க ஒரே வழி, தேதி குறித்த அன்றே ஒவ்வொருவரிடமும் திரும்பத் தராத ஒரு தொகையை வாங்கிவிடுவது. நண்பர்களிடம் கேட்கக் கூச்சமாக இருக்கும். கேளுங்கள்.

படகு நடத்துநரோடு பேசும்போது இவற்றை எழுத்தில் வையுங்கள்: எண்ணெய்ச் செலவு வாடகையில் அடங்குமா, துடுப்புப் படகுகளை ஏற்றிச் செல்லத் தனிக் கட்டணமா, இயந்திரப் படகு இரவில் எங்களுடன் தங்குமா அல்லது விட்டுவிட்டுப் போய்த் திரும்பி வருமா, மழையால் போக முடியாவிட்டால் முன்பணம் என்னாகும். மூன்றாவது கேள்விக்கு ‘தங்கும்’ என்ற பதில் வராவிட்டால் வேறு ஆளைப் பாருங்கள். இரவில் ஒருவருக்கு உடல்நலம் குன்றினால், துடுப்புப் போட்டுக்கொண்டு அந்த ஏரியைக் கடக்க முடியாது.

முன்பணத்தை நிறுவனத்தின் வங்கிக் கணக்குக்கு மட்டும் அனுப்பி ரசீது வாங்குங்கள். முழுத் தொகையையும் முன்கூட்டியே கேட்பவரிடம் கொடுக்க வேண்டாம். மொத்தச் செலவில் பத்தில் ஒரு பங்கை அவசர நிதியாகத் தனியே ரொக்கமாக வைத்துக்கொள்ளுங்கள்.

6. படகு

சொந்தமாக வாங்காதீர்கள், முதல் பயணத்துக்கு வாடகையே போதும். தட்டையான அடிப்பாகம் கொண்ட, இருவர் உட்காரும் கெட்டிப் பிளாஸ்டிக் கயாக் இந்த ஏரிக்குப் பொருத்தம். காற்றடைத்த படகுகள் இலேசானவை, காரில் எளிதில் அடங்கும், ஆனால் மூழ்கிய மரங்களுக்கு நடுவே எனக்கு அவற்றின் மேல் நம்பிக்கை இல்லை.

துடுப்புப் போட்டுத்தான் உள்ளே போவேன் என்று பிடிவாதம் பிடிக்காதீர்கள். பண்டிங்கிலிருந்து மீன் இருக்கும் ஆற்று முகங்கள் தொலைவில் உள்ளன. சுமை ஏற்றிய படகில் புதியவர்கள் மணிக்கு மூன்று கிலோமீட்டர் போனாலே அதிகம். இயந்திரப் படகு ஆட்களையும் கயாக்குகளையும் முகாமுக்குக் கொண்டு சேர்க்கட்டும். அங்கிருந்து நாள்தோறும் சுற்றியுள்ள வளைகுடாக்களில் துடுப்புப் போடுங்கள்.

சுமை ஏற்றிய பின் படகின் விளிம்பு நீருக்கு மேல் ஒரு சாணாவது நிற்க வேண்டும். எல்லாப் பொருளும் நீர் புகாப் பைகளில் இருக்கட்டும், பைகள் படகோடு கட்டப்பட்டிருக்கட்டும். ஒவ்வொருவர் அங்கியிலும் ஒரு விசில்.

7. தூண்டில்

ஃபிளை தூண்டிலில் எறிவது கொக்கியின் எடை அல்ல, நூலின் எடை. அதனால் கழியும் நூலும் ஒரே எடை எண்ணில் பொருந்த வேண்டும். தோமானுக்கு 8 அல்லது 9ஆம் எண் கழி, மிதக்கும் நூல். செபாராவுக்கு மட்டும் என்றால் 6ஆம் எண் போதும். ஒரே ஒரு கழி வாங்குவதாக இருந்தால் 8ஆம் எண்ணை வாங்குங்கள்.

தோமானின் பற்கள் கூர்மையானவை, நூலின் முனையில் கட்டும் சாதாரண நைலான் நுனி அறுந்துவிடும். 40 பவுண்டு தாங்கும் தடித்த நுனியோ மெல்லிய கம்பியோ கட்டுங்கள். விரால் இனத்தைச் சேர்ந்த மீன் என்பதால் அது மூச்சு வாங்க நீருக்கு மேலே வரும். அப்போது நீரில் எழும் வளையத்தைப் பார்த்து, சற்று முன்னால் கொக்கியை விழச் செய்வதுதான் இந்த மீன்பிடிப்பின் உயிர். மணிக்கணக்கில் காத்திருந்து ஒரே ஒரு வளையம் எழும்போது உடம்பெல்லாம் சிலிர்க்கும். ஆனால் நீர்ப்பரப்பில் சிவந்த குஞ்சுக் கூட்டம் கொப்பளிப்பதைக் கண்டால் கையைக் கட்டிக்கொள்ளுங்கள். தாயும் தந்தையும் அடியில் காவல் நிற்கும். அவற்றைப் பிடித்தால் குஞ்சுகளைச் சில நிமிடங்களில் மற்ற மீன்கள் தின்றுவிடும். எளிதாகக் கடிக்கும் நேரம் என்பதால் பலர் அப்போதுதான் பிடிக்கிறார்கள். நம் குழுக்கள் அதைச் செய்யக் கூடாது.

செபாராவ் வேகமான நீரிலும் மரக்கட்டை ஓரங்களிலும் நிற்கும், சிறு மீன் போன்ற வெள்ளைக் கொக்கிக்குப் பாயும். கெலா அரிதாகிவிட்ட மீன். தற்செயலாக மாட்டினால் நீரிலேயே வைத்துக் கொக்கியை எடுத்து விட்டுவிடுங்கள்.

எல்லாக் கொக்கிகளின் எதிர்முள்ளையும் குறட்டால் நசுக்கிவிடுங்கள். மீனுக்கு நல்லது, உங்கள் காதில் ஏறினாலும் எளிதாக வரும். இருவர் படகில் முன்னால் இருப்பவர் மட்டும் எறிய வேண்டும், பின்னால் இருப்பவர் துடுப்புப் பிடிக்க வேண்டும், ஒரு மணி நேரத்துக்கு ஒரு முறை கரையில் ஒதுங்கி இடம் மாறிக்கொள்ளலாம். இருவருக்கும் தொப்பியும் கண்ணாடியும் கட்டாயம்.

8. வீட்டிலேயே பழகுங்கள்

கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பிருந்து மாலையில் அருகிலுள்ள திடலில் எறிந்து பழகுங்கள். கொக்கிக்குப் பதில் ஒரு துண்டு கம்பளி நூல் போதும். உட்கார்ந்தபடியே எறிந்து பாருங்கள், கயாக்கில் நின்றுகொண்டு எறிய முடியாது.

கவிழ்ந்த படகை நிமிர்த்தி மறுபடி ஏறுவதைக் கரையோர ஆழமற்ற நீரில் எட்டுப் பேரும் செய்து பார்க்க வேண்டும். இதைச் செய்யாதவரை ஏரிக்குக் கூட்டிப் போகாதீர்கள்.

9. சாலை

பட்டர்வொர்த்திலிருந்து கூலிம், பாலிங், பெங்காலான் ஹூலு வழியாகக் கிரிக், அங்கிருந்து பண்டிங்: கயாக் ஏற்றிய வண்டியோடு மூன்று மணி நேரத்துக்கு மேல் வையுங்கள். கோலாலம்பூரிலிருந்து வருபவர்கள் கோலகங்சாரில் இறங்கி லெங்கோங் வழியாக வரலாம், ஐந்து மணி நேரம். எண்ணெய், ரொக்கம், பனிக்கட்டி, மறந்துபோன மருந்து எல்லாவற்றையும் கிரிக்கிலேயே முடித்துக்கொள்ளுங்கள்.

கிரிக்கைத் தாண்டிய பின் இரவில் வண்டி ஓட்டாதீர்கள். மலைச் சாலை, வளைவுகள், மூடுபனி, குறுக்கே வரும் யானைகள். 2025 ஜூனில் இந்த நெடுஞ்சாலையில் நள்ளிரவு தாண்டி நடந்த பஸ் விபத்தில் 15 பல்கலைக்கழக மாணவர்கள் இறந்தார்கள். விடியற்காலை பினாங்கில் கிளம்பினால் பத்து மணிக்குள் துறையில் இருக்கலாம். வெளியே வரும் நாளிலும் நண்பகலுக்குள் துறைக்கு வந்துவிடும்படி திட்டமிடுங்கள்.

10. நீரிலும் முகாமிலும்

துடுப்புப் போடுவதைக் காலை ஏழிலிருந்து பதினொன்றுக்குள் வைத்துக்கொள்ளுங்கள். பிற்பகலில் காற்று எழும், இடி மின்னல் வரும். திறந்த நீரைக் குறுக்கே கடக்காமல் கரையோரமாகவே போங்கள், நான்கு படகுகளும் ஒருவருக்கொருவர் குரல் கேட்கும் தொலைவில் இருக்கட்டும்.

கூடாரத்தை ஆற்று மணல் திட்டில் அடிக்காதீர்கள். மேலே எங்கோ பெய்த மழை, உங்கள் தலைக்கு மேல் வானம் தெளிவாக இருக்கும்போதே ஆற்றில் திடீர் வெள்ளமாக இறங்கும். நீர் கலங்கினாலோ, இலைதழைகள் மிதந்து வந்தாலோ, இரைச்சல் கூடினாலோ பொருட்களை விட்டுவிட்டு மேட்டுக்கு ஏறுங்கள். காய்ந்த மரத்தின் அடியிலும் படுக்க வேண்டாம். விலங்குகள் உப்பு நக்க வரும் இடங்களும் யானைத் தடங்களும் வழிகாட்டிக்குத் தெரியும், அவர் வேண்டாம் என்ற இடத்தில் தங்காதீர்கள்.

சாப்பாடு எளிது: அரிசி, பருப்பு, நெத்திலி, புளி, ரசப்பொடி, வீட்டில் வதக்கிக் கொண்டுவந்த சம்பால். மீன் கிடைக்கும் என்று நம்பிச் சமையலைத் திட்டமிடாதீர்கள். வாழைப்பழத்தையும் உப்பையும் கூடாரத்துக்குள் வைக்க வேண்டாம். குடிநீரைக் கொதிக்க வைத்தே குடியுங்கள். அட்டைக்கு நீள்காலுறை போதும், பயப்பட ஒன்றுமில்லை.

ஏரிக்கரையில் ஜஹாய், தெமியார் மக்களின் கிராமங்கள் உள்ளன. அழைப்பில்லாமல் நுழையாதீர்கள், கேட்காமல் படம் எடுக்காதீர்கள். குழந்தைகளுக்கு மிட்டாய் வீசுவதைப் பார்த்திருக்கிறேன், மனம் வலித்தது.

நெடுஞ்சாலையை விட்டு விலகினால் கைப்பேசி வேலை செய்யாது. செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் கருவி ஒன்றையாவது வாடகைக்கு எடுங்கள். பினாங்கில் ஒருவரிடம் பெயர்ப் பட்டியலின் நகலையும் திரும்பும் நேரத்தையும் கொடுத்து, அந்த நேரத்திலிருந்து ஆறு மணி நேரம் ஆகியும் செய்தி இல்லையென்றால் 999ஐ அழைக்கச் சொல்லுங்கள். அருகில் உள்ளது கிரிக் மருத்துவமனை.

11. திரும்பிய பின்

படகுத்துறையில் வெளியேறும் பதிவைச் செய்யாமல் காரில் ஏறாதீர்கள். நீங்கள் இன்னும் உள்ளே இருப்பதாகத்தான் பதிவேடு சொல்லும். குப்பையைக் கிரிக் வரை கொண்டுவாருங்கள். கணக்கை அன்றிரவே முடித்து, மிச்சப் பணத்தைப் பங்கிட்டுவிடுங்கள்.

அடுத்த ஒரு மாதத்துக்குள் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும், சாதாரணச் சளிக் காய்ச்சல் என்று வீட்டில் படுத்திருக்க வேண்டாம். எலிக்காய்ச்சல் நன்னீர் வழியாகவும், குரங்குகளிடமிருந்து வரும் மலேரியா காட்டுக் கொசு வழியாகவும் தொற்றும். இரண்டும் விரைவில் முற்றக்கூடியவை, இரண்டுக்கும் மருந்து உண்டு. மருத்துவரைப் பார்க்கும்போது முதல் வாக்கியமாக, காட்டு ஏரியில் முகாமிட்டுத் திரும்பினேன் என்று தேதியோடு சொல்லுங்கள். உடன் வந்த மற்ற ஏழு பேருக்கும் அன்றே தகவல் அனுப்புங்கள்.